முள்ளோடையில் மிச்சமாகும் ஆறு ரூபாய்

கடலூரில் லோடு ஏற்றிச் சென்னைக்குக் கிளம்பும் எந்த டிரைவருக்கும் முதலாளி எடுத்துச் சொல்லத் தேவையில்லாத சங்கதி ஒன்று உண்டு. டாங்கை ஊரில் ரொப்பக் கூடாது. ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி, முள்ளோடையில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்த பிறகு வரும் பங்க்கில்தான் ரொப்ப வேண்டும். ஆல்பேட்டையில் போலீஸ்காரர்கள் எதிர்த் திசையில் வரும் பைகளில் புட்டி இருக்கிறதா என்று துழாவுவார்கள். டாங்க்கில் இருப்பது எந்த ஊர்ச் சரக்கு என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது.

நான் கடலூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் நீண்ட காலமாகக் கணக்கு எழுதுகிறவன். என் மேஜைக்கு வரும் டிரிப் ஷீட்டுகளில் டோல், பேட்டா, ஏற்றுக்கூலி, இறக்குகூலி எல்லாம் ஒரு பக்கம், டீசல் தனியாக ஒரு பக்கம். டீசல் பக்கத்தில் கடலூர் பங்க் பில் இருந்தால் முதலாளி புருவத்தைத் தூக்குவார். 2025-இல் புதுச்சேரியில் டீசல் 86 ரூபாய்ச் சொச்சம், சென்னையில் 92 ரூபாய்ச் சொச்சம், கடலூரில் அதைவிடவும் கூடுதல். முந்நூறு லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு ஒரு தடவைக்கு இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். வண்டி எப்படியும் அந்த வழியாகத்தான் போகிறது. அதனால் அந்த மிச்சம் முழுசாகக் கையில் நிற்கும்.

லாரிக்காரர்களைப் பார்த்து மற்றவர்களும் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்திலிருந்து முள்ளோடைக்குப் பெட்ரோல் போடவே வண்டியை விரட்டிக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பெட்ரோலில் லிட்டருக்கு ஆறு ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் டாங்க் நாலு லிட்டர். மிச்சம் இருபத்து நாலு ரூபாய். போக வர இருபது கிலோமீட்டருக்கு மேல். அதற்கு எரிவது நாற்பது ரூபாய்ப் பெட்ரோல். பத்து லிட்டர் போடும் பைக்குக்கு அறுபது ரூபாய் மிச்சம், நாற்பத்தைந்து ஐம்பது ரூபாய் வழிச் செலவு. காரில் முப்பத்தைந்து லிட்டர் போட்டால் இருநூற்றுப் பத்து ரூபாய் மிச்சம். அதில் நூற்று நாற்பது ரூபாய் சாலையிலேயே போய்விடும். ஆக, டாங்க் பெரிதானவனுக்கும் எல்லை வழியே தினம் போகிறவனுக்கும் லாபம். சின்ன வண்டிக்காரனுக்கு மிஞ்சுவது பாண்டி போய் வந்த திருப்திதான். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அதற்குள் நான் போகவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்பது எண்ணெய்க் கம்பெனிகள் செய்யும் வேலை இல்லை. கம்பெனி கொடுக்கும் அடக்க விலையும் டெல்லி போடும் கலால் வரியும் டீலர் கமிஷனும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது மாநில வரி. தமிழ்நாடு 2020 மே மாதம் வரை பெட்ரோலுக்கு 34 சதவீதம் என்று வாங்கியது. கொரோனாவில் கச்சா எண்ணெய் விலை விழுந்தபோது, வெறும் சதவீதமாக இருந்தால் வருமானமும் சேர்ந்து விழும் என்று, வரியை இரண்டாகப் பிரித்தார்கள்: 15 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசு. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தன் முதல் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தபோது அது 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசுமாக ஆனது. டீசலுக்குப் பழைய 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும் அப்படியே நின்றன. இந்தக் காசுக் கணக்கில் நிற்கும் பகுதி கச்சா எண்ணெய் எவ்வளவு இறங்கினாலும் இறங்காது. கூட்டிப் பார்த்தால் சென்னை விலையில் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருபத்தொரு ரூபாய்க்கு மேலும், டீசலில் பதினேழு ரூபாய்ச் சொச்சமும் கோட்டைக்குப் போகிறது.

புதுச்சேரி சதவீதத்தில் மட்டும் வாங்குகிறது, அதுவும் குறைவாக. 2021 நவம்பரில் தீபாவளிக்கு முன்னால் மத்திய அரசு பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்குப் பத்து ரூபாயும் கலால் வரியைக் குறைத்தபோது, புதுச்சேரி தன் பங்குக்கு ஏழு ரூபாயைக் குறைத்தது. ஒரே நாளில் அங்கே பெட்ரோல் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் இறங்கியது. தமிழ்நாடு அப்போது அசையவில்லை. நாங்கள் ஏற்கெனவே ஆகஸ்டில் குறைத்துவிட்டோம் என்றார்கள். அந்த வாரம் முள்ளோடைப் பங்க்குகளில் நின்ற கூட்டத்தை நான் பார்த்தேன். பாதிப் பதிவெண் கடலூர், மீதி விழுப்புரம்.

இந்த விளையாட்டு இங்கே மட்டும் இல்லை. மாஹேயில் பெட்ரோல் போடக் கண்ணூர்க்காரர்கள் வருகிறார்கள். அங்கே வித்தியாசம் பத்து ரூபாய்க்கும் மேல். காரைக்காலுக்கு நாகப்பட்டினத்துக்காரர்கள், ஏனாமுக்கு ஆந்திரக்காரர்கள். புதுச்சேரி அரசு தன் நாலு துண்டுகளுக்கும் நாலு விதமாக வரி வைத்திருக்கிறது, பக்கத்து மாநிலத்து விலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே. அந்தமானில் வரி ஒரு சதவீதம்தான். நாட்டிலேயே மலிவு அங்கேதான். அதற்காகக் கப்பல் ஏற முடியாது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே கூட ஒரே விலை இல்லை. மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னைக்காரர் கொடுப்பதைவிட நீலகிரிக்காரர் ஒன்றரை, இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கிறார். டேங்கர் லாரி மலையேறும் கூலி அது. அதற்கு மேல் சதவீத வரி, கூலி மேலேயும் ஏறி உட்காரும். மலைக்காரன் தூரத்தில் இருப்பதற்கும் வரி கட்டுகிறான் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. எல்லைக்காரர்கள் சத்தம் போடுவார்கள், காரணம் எதிரில் ஒரு மலிவான பங்க் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த எல்லை லாபம் நிரந்தரமும் இல்லை. ஓசூர்ப் பக்கத்து லாரிக்காரர்களைக் கேளுங்கள். அத்திப்பள்ளி தாண்டி டீசல் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூனில் கர்நாடகம் ஒரே அறிவிப்பில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மூன்று ரூபாய் அளவுக்கு ஏற்றியது. 2025 ஏப்ரலில் டீசலுக்கு இன்னும் இரண்டு ரூபாய். அத்தோடு அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விட்டது. பெட்ரோல் பெங்களூரில் சென்னையைவிடக் கூடுதலாகவே ஆகிவிட்டது. புதுச்சேரியும் 2025 புத்தாண்டில் இரண்டு ரூபாய் அளவுக்கு ஏற்றியது. அடுத்த அரசின் கஜானா நிலைமையைப் பொறுத்து ஆவியாகிப் போகும் ஒன்றை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட முடியாது. லாரித் தொழிலில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் செய்கிறார்கள்: கிடைக்கிறவரை லாபம், நின்றால் நின்றது.

அப்படியென்றால் தமிழ்நாடும் வரியைக் குறைத்துவிட்டால் என்ன? தேர்தல் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். 2021-இல் திமுக தேர்தல் அறிக்கையிலேயே பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய், டீசலுக்கு நாலு ரூபாய் என்று இருந்தது. பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் வந்தது, டீசல் அப்படியே நின்றது. பாதி கூட வரவில்லை என்று திட்டலாம். நான் திட்டவில்லை. சொல்லப்போனால் அந்த மூன்று ரூபாயே வேண்டாம் என்பது என் கட்சி.

காரணம் என் தொழிலிலேயே இருக்கிறது. 2021 நவம்பரில் டீசலுக்குப் பத்து ரூபாய் குறைந்தபோது எங்கள் ஆபீசில் லாரி வாடகை பத்துப் பைசா குறையவில்லை. மறுநாள் காலையிலேயே இரண்டு பார்ட்டிகள் போன் செய்து, "டீசல் இறங்கிடுச்சே, வாடகையைப் பாத்துப் போடுங்க" என்றார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே டயர் விலையையும் இன்ஷூரன்ஸையும் டோலையும் அடுக்கினார். அவர் பொய் சொல்லவில்லை, அவையும் ஏறித்தான் இருந்தன. ஆனால் டீசல் ஏறும்போது டயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அப்போது டீசல் ஒன்றே போதும் வாடகையை ஏற்ற. ஏறுகிற விலை காய்கறிக் கூடைவரை போய்ச் சேரும். இறங்குகிற விலை எங்களைப் போன்ற ஆபீசுகளோடு நின்றுவிடும். உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

அந்த 2021-ஆம் வருஷத்து அரசுக் கணக்கில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்ததால் அரசுக்கு வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று பட்ஜெட்டில் சொன்னார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால், மே மாதம் பதவியேற்ற அன்றே, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று உத்தரவு போட்டார்கள். அதற்கு ஒதுக்கிய மானியம் 1,200 கோடி. ஏறக்குறைய ஒரே தொகை. முதலாவதில் தினம் ஒரு லிட்டர் போடுகிறவருக்கு மாதம் தொண்ணூறு ரூபாய் கிடைத்தது. தினம் ஐந்து லிட்டர் எரிக்கும் கார்க்காரருக்கு நானூற்று ஐம்பது. வண்டியே இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதில், மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து சொன்னபடி, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது. இருந்தும் பஸ்ஸை 'இலவசம்' என்று நக்கலடிக்கிறார்கள், பெட்ரோல் குறைப்பை 'நிவாரணம்' என்கிறார்கள். டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் நான் தள்ளி உட்கார்ந்துகொள்வேன், ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

ஆனால் அந்த 888 ரூபாய்க்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எங்கள் ஆபீசையும் குடோனையும் பெருக்கித் துடைக்கும் அம்மா நெல்லிக்குப்பம் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊரிலிருந்து வருகிறார். காலையில் டவுன் பஸ், காசில்லை. ஆனால் குடோனில் சாயங்காலம்தான் லோடு ஏறும். சாக்குத் தூசும் சிந்திய அரிசியும் பெருக்கி முடிய எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். அவர் ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் ஏழே காலுக்குப் போய்விடும். அதனால் அவர் மகன் தினம் எக்ஸ்எல் எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப் போகிறான். ஒரு நாள் தெரியாத்தனமாக, "ஏம்மா, பஸ்லயே போனா காசு மிச்சம் இல்லியா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு இருந்தாத்தான சார் காசில்லாமப் போறது" என்றார், விளக்குமாற்றை நிறுத்தாமல்.

அவர் போன பிறகு கணக்கு போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். அந்த ஊர் பதினாலு கிலோமீட்டர். மகன் வர ஒரு நடை, இருவரும் திரும்ப ஒரு நடை, இருபத்தெட்டுக் கிலோமீட்டர். அரை லிட்டர், ஐம்பது ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள் என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. காலை பஸ்ஸில் அரசு கொடுத்ததை ராத்திரி பங்க் வாங்கிக்கொள்கிறது. அதில் லிட்டருக்கு இருபத்தொரு ரூபாய் திரும்ப அரசுக்கே போகிறது. இது போக அந்த எக்ஸ்எல்லுக்குத் தவணை. வண்டி வாங்கியதே பஸ் இல்லாததால்தான். அதை ஆசைப்பட்டு வாங்கிய வண்டி என்று கணக்கெடுப்பில் சேர்த்துவிடுவார்கள்.

பெட்ரோல் மலிவாக எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் தேடுகிறோம். இந்த அம்மாவின் வீட்டுக்குப் பெட்ரோல் ஆறு ரூபாய் குறைந்தால் மாதம் எழுபத்தைந்து ரூபாய் மிச்சம். ராத்திரி எட்டே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ் ஓடினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பதும் மிச்சம்.

பெட்ரோலுக்கு மாற்று என்றதும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. மருமகள் புதுச்சேரிப் பக்கம் வேலைக்குப் போகிறாள், போக வர நாற்பத்தைந்து கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் சொச்சம்தான் குடிக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் கரண்ட் பில்லில் எழுபது, எழுபத்தைந்து யூனிட் கூடியது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: ஐந்நூறு யூனிட்டுக்குள் இருக்கிறவரை நூற்று ஒன்றிலிருந்து இருநூறு வரை யூனிட்டுக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம். ஐந்நூறைத் தாண்டினால் அதே கீழ்ப்படி யூனிட்டுக்கும் நாலு ரூபாய்க்கு மேல் போட்டுவிடுவார்கள். ஸ்கூட்டர் வந்து எங்கள் வீடு ஐந்நூறைத் தாண்டியது. அப்படியும் பில்லில் ஏறியது எழுநூறு எண்ணூறு ரூபாய்தான். அதே தூரத்துக்குப் புதுச்சேரி விலையிலேயே பெட்ரோல் போட்டிருந்தாலும் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் ஆகியிருக்கும். எல்லை தாண்டிச் சேமிப்பதெல்லாம் இதற்கு முன்னால் சில்லறை.

ஆனால் அது சொந்த வீடு, சொந்த மீட்டர், கீழ்த்தளத்தில் ப்ளக் பாயிண்ட், லட்ச ரூபாய் முன்னால் எடுத்து வைக்க முடிந்த குடும்பம். அந்த அம்மாவின் மகனுக்கு இதில் எது இருக்கிறது? வாடகை வீட்டில் வண்டிக்குச் சார்ஜ் போடுகிறேன் என்றால் ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்குத் தன் இஷ்டத்துக்கு விலை சொல்வார், இல்லாவிட்டால் வேண்டாம் என்பார். எக்ஸ்எல்லுக்குக் கொஞ்சம் முன்பணம் கட்டினால் மறுநாள் சாவி கிடைக்கும். ஆக பெட்ரோல் வரியிலிருந்து முதலில் தப்பிப்பவர்கள் என் வீட்டைப் போன்றவர்கள். கடைசிவரை அதைக் கட்டிக்கொண்டிருக்கப் போகிறவர்கள் பழைய எக்ஸ்எல்லும் நாலாம் கை பைக்கும் வைத்திருப்பவர்கள்.

நடுவில் எத்தனால் என்று ஒன்று வந்தது. பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கிறார்கள். பழைய வண்டிகளுக்கு மைலேஜ் கொஞ்சம் குறையும் என்று அரசுத் தரப்பே ஒத்துக்கொண்டது. லிட்டர் விலை குறையவில்லை. கலக்கும் எத்தனாலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், கலந்து முடித்த பெட்ரோலுக்குப் பழையபடி கலாலும் வாட் வரியும். பங்க் போர்டில் லிட்டர் விலைதான் எழுதியிருக்கும், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜிஎஸ்டிக்குள் பெட்ரோலைக் கொண்டுவந்தால் நாடு முழுக்க ஒரே விலை வந்துவிடுமே என்பவர்களும் உண்டு. அரசியல் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, ஜிஎஸ்டி கவுன்சில் தேதி குறித்தால் போதும். 2021 செப்டம்பரில் லக்னோவில் கவுன்சில் கூடியபோது, கேரள உயர் நீதிமன்றம் கேட்டதற்காக, இந்த விஷயத்தை எடுத்தார்கள். இப்போது நேரமில்லை என்று வைத்துவிட்டார்கள். எதிர்த்தது எல்லாக் கட்சி மாநிலங்களும்தான். மாநிலங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவற்றின் கையில் மிஞ்சிய பெரிய வரி மதுவும் எண்ணெயும்தான். டெல்லி போடும் கலாலில் மாநிலங்களோடு பங்கு வைக்க வேண்டியது அடிப்படைக் கலால் மட்டும். 2022-இல் பெட்ரோலுக்குப் போட்ட 19 ரூபாய் 90 காசில் அது 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்று வேறு பெயர்களில் டெல்லியிலேயே நின்றுவிடுகிறது. பங்கு கொடுக்காமல் வரியைக் குறை என்று மாநிலத்துக்கு உபதேசம் செய்வது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் தமிழ்நாடு பெட்ரோல் வரியை வாங்கட்டும். புதுச்சேரியோடு போட்டிபோட்டுக் குறைக்க வேண்டாம். குறைத்தால் முள்ளோடையில் டாங்க் ரொப்பும் எங்கள் முதலாளிக்குச் சந்தோஷம், அந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து ரூபாய். ஆனால் வாங்குகிற வரிக்கு ஒரு நிபந்தனை போட வேண்டும். அரசின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்: மூன்று ரூபாய்க்கு 1,160 கோடி என்றால் ஒரு ரூபாய்க்குச் சுமார் 385 கோடி. அந்த 11 ரூபாய் 52 காசில் ஒரே ஒரு ரூபாயை ராத்திரி பஸ்ஸுக்கென்று ஒதுக்கட்டும். இலவசப் பயணம் அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தான் செல்லும். தனியார் பஸ்ஸே ஓடும் தடங்களிலும், 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கி வைத்த மினி பஸ்ஸிலும் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். எனவே ஓட வேண்டியது அரசு வண்டி, ஓட வேண்டிய நேரம் எட்டு மணிக்குப் பிறகு.

ஆட்கள் ஏறாத ராத்திரித் தடத்தில் பஸ் விட்டால் நஷ்டம் என்று போக்குவரத்துக் கழகத்தில் சொல்வார்கள். கலெக்‌ஷன் இருக்காது, உண்மை. இலவசப் பயணிக்குக் கலெக்‌ஷன் எங்கிருந்து வரும்? அரசு மானியமாகத் தருவதுதானே. டிரைவர், கண்டக்டர் பற்றாக்குறை என்பதும் உண்மை. அதற்குத்தான் 385 கோடி. இன்னொரு ஆட்சேபம் நிதித்துறையிலிருந்து வரும்: வரிப் பணம் பொதுக் கணக்கில் சேர்வது, இதற்கு இது என்று கட்டிவைக்க முடியாது என்பார்கள். டெல்லி சாலை, உள்கட்டமைப்பு என்று பெயர் வைத்தே செஸ் வாங்குகிறது. கேரளம் 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்புக்கென்று சொல்லியே லிட்டருக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறது. அவர்கள் மேற்கொண்டு வாங்குகிறார்கள். நான் கேட்பது மேற்கொண்டு அல்ல, ஏற்கெனவே வாங்குவதில்.

எங்கிருந்து தொடங்குவது என்றால் எல்லை மாவட்டங்களிலிருந்து. கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம். இங்கெல்லாம் அடுத்த மாநிலத்துப் பங்க்கில் எரிபொருள் போடுவதால் தமிழ்நாடு தினமும் வரியை இழக்கிறது. ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் பதினேழு ரூபாய் போகிறது, லாரிக்காரன் ஏழு எட்டு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக. அதை விரட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் அதே ஊர்களில் வேலை முடிந்து ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் பங்க்குக்கே போகாமல் இருக்க வழி செய்ய முடியும். போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, ரெட்டிச்சாவடித் தடங்களில் எட்டே முக்காலுக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்று ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். டிக்கெட் மெஷினில் இலவசச் சீட்டு எத்தனை அடிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கையை வைத்து மேற்கொண்டு பேசலாம்.